காம்படி மணம்

மாம்பழத்தைக் காம்படியில் முகர்ந்து பார்த்து வாங்குவது எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து வழக்கம். நிறத்தை நம்புவதற்கில்லை, கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த காயும் பொன்னிறம் காட்டும். மணம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

காய் கனியும்பொழுது அதனுள் டெர்பீன், எஸ்டர், லாக்டோன் முதலிய ஆவியாகும் பொருள்கள் பெருகுகின்றன. விதையைச் சுமந்து சென்று பரப்பும் விலங்குகளுக்கு மரம் விடுக்கும் அழைப்பே அம்மணம். அழையாத விருந்தாளியாகிய பழ ஈயும் அம்மணத்தைப் பற்றிக்கொண்டே வருகிறது. பெண் ஈ ஊசி போன்ற உறுப்பால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாள்களில் புழுக்கள் வெளிவந்து சதையைக் குடைகின்றன. துளை வழியே நுண்ணுயிரிகளும் புக, சதை நொதிக்கத் தொடங்குகிறது. வெளியே தெரிவது ஊசிமுனையளவு புள்ளி மட்டுமே. உள்ளே மணம் மாறிவிட்டிருக்கும்.

என் தந்தையார் தோப்புகளைப் பூக்கும் பருவத்திலேயே குத்தகைக்கு எடுப்பவர். ஓராண்டு ஆனி மாதத்தில், நீலம் முற்றிவரும் வேளையில், தொடர்ந்து மழை பெய்தது. மழை விட்ட காலையில் தோப்புக்குள் நுழைந்தவர் வாயிலிலேயே நின்றுவிட்டார். இனிய மணத்தினூடே கள்ளின் புளித்த நெடி கலந்திருந்தது. ஒரு பழத்தையும் அறுத்துப் பாராமலேயே, "ஈ விழுந்துவிட்டது" என்றார். மண்டியில் சுமைக்கு இரண்டு பழங்களை அறுத்துப் பார்ப்பார்கள். ஒன்றில் புழு நெளிந்தாலும் சுமை முழுவதற்கும் விலை சரியும். அவ்வாண்டுக் குத்தகைப் பாக்கியை அடைக்க எங்கள் கறவை மாடுகள் இரண்டும் விற்கப்பட்டன. மண்டிக்கு மட்டுமன்று, கடல் கடந்த வணிகத்துக்கும் இதே கதிதான். இறக்குமதியான பழங்களில் பழ ஈயைக் கண்டதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே முதல் நாளிலிருந்து இந்திய மாம்பழங்களுக்குத் தடை விதித்து, மறு ஆண்டின் தொடக்கத்தில்தான் அதனை விலக்கியது.

மணத்தால் வரும் பகையை மணத்தாலேயே பிடிக்கவும் முடிகிறது. பீகாரிலுள்ள பூசா வேளாண் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்னும் பூச்சியியல் அறிஞர், சிட்ரோனெல்லா எண்ணெயின் வாசனைக்குப் பழ ஈக்கள் திரள்வதையும், அவை யாவும் ஆண் ஈக்களே என்பதையும் 1912ஆம் ஆண்டில் எழுதினார். மெத்தில் யூஜினால் என்னும் பொருளுக்கு அவ்வீர்ப்பு மிகுதி என்பதும் விரைவிலேயே புலப்பட்டது. துளசியிலும் இப்பொருள் உண்டு. கசக்கிய துளசியைத் தோப்பில் வைத்தால் ஆண் ஈக்கள் மொய்ப்பதை நீங்களே காணலாம். இன்று அதில் நனைத்த கட்டைத் துண்டுகளைப் பொறியில் இட்டு மரக்கிளைகளில் தொங்கவிடுகின்றனர். ஆண் ஈக்கள் அருகினால் பெண் ஈக்கள் இடும் முட்டைகள் பொரிப்பதும் அருகும்.

நம்மை முகம் சுளிக்க வைக்கும் அப்புளித்த நெடியைத் தேடி வரும் உயிரும் உண்டு. சிறு குளவியொன்று அந்நெடியைக் கொண்டே கெட்ட பழத்தைக் கண்டறிந்து, உள்ளிருக்கும் புழுவின் உடலில் தன் முட்டையை இடுகிறது. ஈயாக வேண்டிய புழு குளவிக்கு உணவாகிறது. உதிர்ந்த பழங்களை ஆழக் குழி தோண்டிப் புதைப்பது நம் உழவர் முறை. அதில் ஈயோடு குளவியும் மாய்ந்துவிடும். ஹவாய்த் தீவுகளிலோ அப்பழங்களை வலைக் கூடாரத்துள் கொட்டி வைக்கின்றனர். வலைக்கண்கள் ஈ வெளியேற முடியாத அளவுக்குச் சிறியவை. குளவியோ அவற்றின் வழியே நுழைந்து மீண்டும் தோப்புக்குப் பறந்துவிடும்.