நம்மாளு

போன வாரம் கிணத்து மோட்டார் காயில் போச்சுங்க. வாழைக்கு மூணு நாளாத் தண்ணியில்ல. மோட்டாரை வண்டியில ஏத்தறப்ப சித்தப்பா பையன் வந்து, "நம்மாளு ஒருத்தர் புதுசாக் கடை போட்டிருக்காருங்ணா, அங்கயே குடுங்க"ன்னான். எனக்கு 1998 ஞாபகம் வந்துருச்சு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். 1997 நவம்பர்ல கோயமுத்தூர்ல ஒரு போக்குவரத்துக் காவலரைக் கொன்னாங்க. தொடர்ந்து நடந்த கலவரத்துலயும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுலயும் 18 முஸ்லிம்கள் செத்தாங்க. 1998 பிப்ரவரி 14-ல தொடர் குண்டுவெடிப்பு, 58 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க ஊர் டீக்கடையில இதே பேச்சுதான்: இனி வேலைன்னா நம்மாளுங்களுக்கு மட்டும்.

அப்பா காலத்துல இருந்து எங்களுக்குக் காயில் கட்டினது டவுன்ல ஒரு பாய். கழட்டின பழைய செம்புக் கம்பியைத் தராசுல போட்டுக் காட்டிட்டு, அதே எடைக்குப் புதுசு சுத்துவார். அந்தப் பங்குனியில மோட்டார் எரிஞ்சப்ப நான் அவர்கிட்டப் போகல. பயமா, கோபமா, ஊர் என்ன சொல்லுமோங்கிற கூச்சமா, இன்னும் சரியாத் தெரியல. பங்காளி வீட்டுப் பையன்கிட்டக் குடுத்தேன்.

பையன் நல்லவன், தொழில்தான் பழகல. பத்து நாள்ல திரும்ப எரிஞ்சுது. மறுபடி கட்டினான், மறுபடி எரிஞ்சுது. பாயா இருந்தா கடையில நின்னு சத்தம் போட்டிருப்பேன். இவனை என்ன கேக்கறது? குலதெய்வம் கோயில்ல பொங்கல் வெச்சா பக்கத்து அடுப்பு அவங்க வீட்டுதுதான். கேக்காமயே இருந்தேன். அரை ஏக்கர் தக்காளி காஞ்சு போச்சு.

சொந்தபந்தத்தை நம்பக்கூடாதுன்னு சொல்லல. திருப்பூர்ல எத்தனையோ பனியன் கம்பெனிங்க மாமன் மச்சான் கைமாத்துல எந்திரிச்சு நின்னதுதான். ஆனா எங்க விஷயத்துல அவன் உறவுன்னு பாத்தேனே தவிர, வேலை தெரியுமான்னு பாக்கல.

கடைசியில இருட்டினதுக்கப்புறம், ஊர்க்காரங்க யாரும் இல்லாத நேரமாப் பாத்து, பாய் கடைக்கு மோட்டாரைக் கொண்டு போனேன். கழட்டிப் பாத்துட்டு, "கம்பி சன்னமாப் போட்டிருக்காங்க தம்பி"ன்னார். இத்தனை நாள் ஏன் வரலைன்னு கேக்கல. நானும் சொல்லல. அவர் மவுத்துக்குப் போய் நின்னப்பவும் அது தொண்டையிலயே இருந்துச்சு.

தம்பிக்குப் பதில் சொல்லாம வண்டியை எடுத்தேன். கடையில இப்ப பாயோட மகன். பழைய கம்பியைக் கழட்டித் தராசுல வெச்சார். மூணு கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

"பாத்துக்கோங்ணா"ன்னார்.