தில்லி வீட்டில் ஒரு பவளம்

எங்கள் இல்லத்துக் கூடத்தில் கண்ணாடித் தொட்டிகள் இரண்டு இருப்பதேன் என்று சங்க அன்பர்கள் வினவுவதுண்டு. தூத்துக்குடியிற் பிறந்த நாங்கள், தில்லியிற் பிறந்த மகளுக்குக் கடலைச் சிறிது காட்டவே முதல் தொட்டியை வைத்தோம். லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கலவையிட்டு, மீன்கள் சிலவற்றையும், காளான் குடை போன்ற தோல் பவளம் ஒன்றையும் வளர்த்தோம். (கல் பவளங்களுக்கு ஆசைப்படலாகாது, 2001ஆம் ஆண்டிலேயே அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்துவிட்டன.)

சென்ற கோடையில் மீன்களின் மேனியில் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. கடைக்காரர் தந்த நீல மருந்தை ஊற்றினோம். மீன்கள் தேறின, பவளமோ விரல்களை உள்ளிழுத்துச் சுருங்கிற்று. தோல் பவளம் அவ்வப்போது மெழுகு போன்ற மேலேட்டை உரிக்கச் சில நாள் மூடிக் கிடத்தல் இயல்பு. இதுவும் அதுவே என்று நான்கு நாள் வாளாவிருந்தோம். ஐந்தாம் நாள் விளிம்பு கறுத்துக் குழைந்து நாறியது. அதன் பின்னரே புட்டியின் சீட்டைப் படித்தோம். செம்பு! நம்மூரார் அறிந்த மயில்துத்தத்தில் உள்ள அதே செம்பு. மீனைக் காக்கும் அளவே பவளம், இறால், நத்தைகளுக்கு நஞ்சாகும். படித்தவர் வீட்டில் நடந்த காரியம் இது!

உடனே புதிய உப்புநீர் கலந்து பவளத்தை வேறு பாத்திரத்திற்கு மாற்றினோம். கையுறை அணிந்து, கூரிய கத்தியால் அழுகிய பகுதியை நல்ல சதையும் சிறிது சேர்த்து அரிந்தோம். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னர் ஒரு கிண்ணம் உப்புநீரில் லூகோல் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வருமட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் பவளத்தை அதில் அமிழ்த்தி எடுத்தோம். அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். தொட்டியிற் சேர்த்தல் ஆகாது.

செம்பு கல்லிலும் மணலிலும் படிந்து நாட்பட்ட பின்னும் கசியுமாதலின், பழைய தொட்டிக்கு அதனை அனுப்ப மனம் துணியவில்லை. இரண்டாம் தொட்டி வந்த கதை இதுதான். புண்ணில் அழுக்குத் தங்காதிருக்க நீரோட்டம் அதன்மேல் மோதுமாறு வைத்தோம்; புதுத் தொட்டியாதலால் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் மாற்றினோம்.

சிறு வயதில், சுண்ணாம்புக்கென்று கடலினின்று வெட்டிய பவளப்பாறைகள் கரையிற் குவிந்து கிடக்கக் கண்டவர்கள் நாங்கள். அன்று அவற்றின்மேல் ஏறி விளையாடினோம். இன்று கைப்பிடியளவு பவளத்திற்காக இரவில் இருமுறை எழுந்து விளக்கேற்றிப் பார்த்தோம்.

மூன்றாம் வாரம் ஒரு விடியலில் மகள் எங்களை உலுக்கி எழுப்பினாள்.

“அம்மா, அப்பா! ரெண்டு விரல் வெளியே வந்திருக்கு!”

குடையிற் பாதிதான் எஞ்சியது.