பணிஸ் எண்டு கேட்டவளும் நாங்களும்

இறுதி வருட அக்காமாருக்குப் பிரியாவிடை. எப்பவும் ரோல்ஸும் கேக்கும்தானே, இந்தமுறை கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும் எண்டு சிக்கன் சாலட் குரோசான் செய்ய முடிவெடுத்தோம். ஆளுக்கு 500 ரூபா சேர்த்தோம்.

கோழி நெஞ்சுத் துண்டுகளை உப்பும் மிளகும் போட்டு அவித்து, ஆறவிட்டுப் பிய்த்தோம். வெள்ளரிக்காய், வெங்காயம், மயோனைஸ், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிரட்டினோம்.

"இது என்ன பணிஸ்?" எண்டு வன்னியிலிருந்து வந்த எங்கட தோழி கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இப்பவே உள்ளுக்க வைக்காதேங்கோ. வெள்ளரிக்காய் தண்ணி விடும், விடிய ஊறிப்போடும்" எண்டும் சொன்னாள். ஒருத்தரும் காதில வாங்கேல்ல. இரவே எல்லாத்தையும் நிரப்பி பிரிட்ஜில அடுக்கினோம்.

விடிய எடுத்துப் பார்த்தால், மொறுமொறுப்பான படைகள் எல்லாம் தண்ணியில நனைந்த பாண் மாதிரி. அவள் ஒண்டும் சொல்லாமல் சாலட்டை வழித்தெடுத்து, தண்ணியை வடித்து, கடையில் சாண்ட்விச் பாண் வாங்கிவரச் சொன்னாள். அக்காமார் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

அவளுடைய அம்மா விடியப்புறம் 3 மணிக்கு எழும்பிச் சமைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ எண்டது அண்டைக்குத்தான் தெரியும். இரண்டு வருசமா ஒரே அறையில் இருந்தும் நாங்கள் கேட்டதில்லை.

சாலட்டைத் தனியே குளிரில வையுங்கோ, பரிமாற முதல்தான் நிரப்புங்கோ. இது அவள் சொல்லித்தந்தது. அந்தச் சிரிப்புக்கு நாங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.