இரவு 2 மணிக்கு மட்டும்

ஒரு வாரமாக இதே கதைதான். கோவையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அந்தப் பெண், மாலையில் எழுதி முடித்த புரோகிராமை அனுப்பிவிட்டுப் படுப்பார். இரவு 2 மணிக்கு அலுவலகத்தின் பில்டு சர்வர் தானாகவே வேலையைத் தொடங்கும். குழுவில் எல்லோரும் எழுதியதைச் சேர்த்து, சோதனைகளை ஓட்டி, எல்லாம் தேறினால் பேக்கேஜாகக் கட்டி வைக்கும். ஒன்று தோற்றாலும் பேக்கேஜ் கிடையாது. காலையில் போனைத் திறந்தால் சிவப்பில் 'ஃபெயில்டு'. 9 மணிக்கு, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பச்சை!

"சர்வருக்கு மூட் சரியில்லை" என்று குழுவில் சிரித்தார்கள். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறதே, அப்புறம் காரணத்தை யார் தேடுவார்கள்? இந்தத் தொழிலைப் பிடித்த பெரிய வியாதியே இதுதான்.

பில்டு சர்வர் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்த காலி வீடு மாதிரிதான் தொடங்கும். லேப்டாப்பில் என்றோ போட்டு மறந்த லைப்ரரி அங்கே இருக்காது. அவர் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான். ஆனால் அப்படி ஏதாவது விடுபட்டிருந்தால் காலையிலும் தோற்க வேண்டுமே?

லாகைப் பிரித்தார். ஆயிரக்கணக்கான வரிகள். கடைசி வரிகள் வெறும் ஒப்பாரி. முதல் பிழை எங்கோ மேலே இருக்கும். தேடிப் பிடித்தார். புரோகிராம் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கானது. 'இப்போது குழந்தை பிறந்தால் பதிவேட்டில் இன்றைய தேதி விழ வேண்டும்' என்பது சோதனை. விழுந்திருந்ததோ முந்தைய நாள் தேதி.

"வெள்ளிக்கிழமை டெலிவரி. அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் ஸ்கிப் பண்ணிடுங்க" என்றார் குழுத்தலைவர். ஒரே ஒரு வரி போதும், எல்லாம் பச்சையாகிவிடும். அவருக்கு மனசு வரவில்லை.

அன்றிரவு விழித்திருந்தார். தண்ணீர் குடிக்க எழுந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் தூங்கலையா?"

"குழந்தை பிறந்த தேதி தப்பா விழுது அத்தை. ராத்திரியில மட்டும்."

"விடியறதுக்கு முன்னாடின்னா பஞ்சாங்கத்துல முந்தின நாள்தானே?"

சர்வர் பஞ்சாங்கம் பார்க்காது. ஆனாலும் 'விடியறதுக்கு முன்னாடி' என்ற வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் ஓடிய எல்லா நேரங்களையும் ஒரு தாளில் எழுதினார். அதிகாலை 5:10, தோல்வி. 5:40, வெற்றி. சர்வரின் கடிகாரத்தையும் லாகில் அச்சிடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 2:10-க்கு வந்தது: முந்தைய நாள் தேதி, 20:40 மணி.

சர்வர் ஓடிக்கொண்டிருந்தது உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். நமக்கு நள்ளிரவு தாண்டினாலும், காலை 5:30 வரை அதற்கு நேற்றுதான். லேப்டாப் இந்திய நேரத்தில் ஓடியதால் அங்கே தவறு தெரியவேயில்லை. மருத்துவமனைக்கான சர்வரும் உலகப் பொது நேரத்துக்கே வைக்கப்பட்டிருந்தது. பேக்கேஜ் அப்படியே போயிருந்தால், நடுநிசியிலிருந்து விடியும்வரை பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரு நாள் முந்தைய பிறந்தநாள். பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் என்று அது எத்தனை வருஷம் கூடவே வரும்!

தேதி எடுக்கும் இடத்தில் இந்திய நேரம் என்று வெளிப்படையாக எழுதினார். இரண்டே வரிகள். சோதனையையும் மாற்றினார். இனி அது 'இப்போது' என்று கேட்காது. பகலில் ஓடினாலும், அதிகாலை 2:10-க்குப் பிறந்த குழந்தையை வைத்தே சோதிக்கும்.

மறுநாள் இரவு 2 மணிக்கு பேக்கேஜ் தயாரானது. அதைப் பார்க்க அவர் விழித்திருக்கவில்லை.