கண்ணபுரத்துக்கு வண்டி கட்டியதும் வடகடலுக்கு டென்ட் கட்டப்போவதும்

மகன் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் இருக்கிறான், எண்ணெய்க் கிணறு சம்பந்தப்பட்ட வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான்.

"அப்பா, இந்தத் தடவ வர்றப்ப வீட்லயே உக்காந்திருக்க வேண்டாமுங்க. எல்லாரும் வடக்கே கடற்கரைக்குப் போயி டென்ட் போட்டுத் தங்கலாம்."

பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த வீட்டுக்காரி கேட்டாள்: "டென்ட்டுன்னா, பழனிக்கு நடந்து போறவங்க தங்குற பந்தலாட்டமா கண்ணு?"

"அதேதாம்மா. ஆனா சோறு நாமதான் ஆக்கோணும்."

அவளுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த நான், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனதெல்லாம் ஊட்டி, பழனி, திருச்செந்தூர்தான். அதிலும் பாதி நாள் ஆடிட் இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். இப்போது மகன் கூப்பிடுகிறான். மறுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பிளான் போடுவதுதான் வேலை. அபர்டீனிலிருந்து இன்வர்னஸ் சுமார் 170 கிலோமீட்டர். அங்கிருந்து வடகடலோரம் டர்னஸ் என்ற சிற்றூருக்கு இன்னும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். இந்த இரண்டாம் பாதியில் பல இடங்களில் ஒரே வண்டி போகும் அகலம்தான் ரோடு. நம்ம ஊர் இட்டேரி மாதிரி. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே சின்ன இடம் விட்டிருப்பார்களாம். ஒதுங்கி நின்றவருக்கு மற்றவர் கை காட்டிவிட்டுத்தான் போவார்களாம். இங்கே அவிநாசி ரோட்டில் அப்படி யாராவது கை காட்டினால் நமக்குச் சந்தேகம் வந்துவிடும்.

டர்னஸில் பாறை மேட்டின்மேல், கடலைப் பார்த்தபடி கூடாரம் போட ஒரு இடம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. பக்கத்தில் ஸ்மூ என்ற குகை. ஓர் ஓடை அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே அருவியாக விழுகிறது. மேற்கே கேப் ராத் முனையில் 1828ல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டிய கலங்கரை விளக்கம். பீட்டில்ஸ் ஜான் லெனன் சிறுவனாக இருந்தபோது விடுமுறைக்கு வந்த ஊரும் டர்னஸ்தான். ஜூலை முதல் வாரத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தரை ஆகும், காலை நாலேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும். "அப்புறம் எப்பத் தூங்கறது?" என்றாள் வீட்டுக்காரி. அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொள்ளத் துணி ஒன்று பட்டியலில் ஏறியது.

ஆனால் மகனின் ஆசை வேறு இடத்தில். சாண்ட்வுட் பே என்றொரு கடற்கரை. அங்கே ரோடே கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு ஆறரை கிலோமீட்டர் டென்ட்டையும் சோற்றையும் சுமந்து நடக்க வேண்டும். போனால் நீளமான மணல், பின்னால் ஒரு ஏரி, கடலுக்குள் தனியாக நிற்கும் உயரமான பாறைத் தூண். அந்தத் தூணுக்கு கேலிக் மொழியில் மேய்ப்பன் என்று பொருள்படும் பெயர். வேலி போடாத அத்தகைய நிலத்தில் யாரும் ஒன்றிரண்டு இரவு கூடாரம் போட்டுக்கொள்ள 2003ல் வந்த சட்டம் இடம் கொடுக்கிறது. வந்த சுவடு தெரியாமல் சுத்தம் செய்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். "ரெண்டு ராத்திரி அங்க தங்கலாமுங்கப்பா" என்றான்.

இவ்வளவு அழகான இடம் ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது என்று படித்துப் பார்த்தேன். 1800களின் முற்பாதியில் அந்த வட்டாரத்து நிலச்சுவான்தார்கள், செம்மறி வளர்த்தால் லாபம் என்று, தலைமுறையாகக் குடியிருந்தவர்களை வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814லும் 1819லும் நடந்தது அதில் பேர்போனது. நம்ம காங்கேயம் பக்கம் கிளுவை வேலி கட்டிய கொரங்காட்டில் ஆடும் மாடும் மேயும், மேய்த்தவனும் பக்கத்திலேயே குடியிருப்பான். அங்கே ஆடு மட்டும் மிஞ்சியது.

மருமகள் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்பினாள். என்னென்ன சாமான், யார் கொண்டுவருவது, கடைசியில் அவரவருக்கு என்ன தேவை, எவ்வளவு நடக்க முடியும் என்று ஒரு கட்டம். பேரன் எழுதியிருந்தான்: "எனக்கு இருட்டுன்னா பயம்." பேத்தி: "மீன் வேண்டாம்." வீட்டுக்காரி கொஞ்சமும் கூச்சப்படாமல், "ராத்திரி ரெண்டு தடவ பாத்ரூம் போகோணும். முழங்கால் வலி. ரெண்டு கிலோமீட்டர்" என்று என்னையே அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டு என் பெயருக்கு எதிரே நான் எழுதினேன்: "ஒன்றும் இல்லை. எவ்வளவு தூரமானாலும் சரி."

அது பொய். மூன்று வருடம் முன்பு எனக்கு ஸ்டென்ட் வைத்தது மகனுக்குத் தெரியும். கார்த்திகை மாதத்திலிருந்து மொட்டை மாடிக்கு ஏறினால் பாதிப் படியில் மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயணமே நின்றுவிடும். என்னால் ஒரு விடுமுறை கெட்டது என்று இன்னொரு தடவை ஆக வேண்டாம் என்று நினைத்தேன்.

பொய்யை எழுதிய ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணபுரம் ஞாபகம் வந்தது.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கு மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடுகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ஒரு ராத்திரி முழுக்க வண்டியில் போய், காட்டில் வண்டியை அவிழ்த்துவிட்டு, மூன்று நாள் அங்கேயே தங்குவோம். அம்மாவுக்கு ஒரு வாரம் முன்பே பட்டியல் ஓடும். புளிச்சோறு, பருப்புப் பொடி, லாந்தர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. அப்பா அச்சுக்கு மை போட்டு, கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்து நாங்கள் படுப்போம். கேம்பிங் என்ற பேர்தான் அன்றைக்குத் தெரியாது.

1966ல் எனக்குப் பன்னிரண்டு வயது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே அப்பாவுக்குக் காய்ச்சல். பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்களே என்று வெளியே சொல்லவில்லை. சந்தையில் இரண்டாம் நாள் ராத்திரி நினைவில்லாமல் பேச ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வண்டிக்காரர் துணைக்கு வர, அம்மாவே கயிற்றைப் பிடித்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். மாடும் வாங்கவில்லை. தேரும் பார்க்கவில்லை. அப்பா எழுந்து நடமாட ஒரு மாதம் ஆனது. அன்றைக்கு அம்மா சொன்ன ஒரே வார்த்தை: "சொல்லியிருந்தா அடுத்த வருசம் போயிருக்கலாமில்லீங்க?" அதற்கப்புறம் நாங்கள் கண்ணபுரத்துக்கு வண்டி கட்டவே இல்லை.

காலையில் எழுந்ததும் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "மாடிப்படியில நீங்க நின்னு நின்னு ஏறறது எனக்குத் தெரியாதுங்களா? நீங்களாச் சொல்றீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றாள். டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

மகனிடம் சொன்னபோது திரையில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அந்த எடத்துல ஃபோன்கூட எடுக்காதுங்கப்பா. ஒண்ணுன்னா ஆறரை கிலோமீட்டர் உங்கள எப்படித் தூக்கிட்டு வருவேன்?" என்றான். குரல் உடைந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆள். நான் எதுவும் பேசவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்து மாத்திரையை மாற்றினார். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, "விமானத்தில் போகலாம். சமதரையில் மெதுவாக நடக்கலாம். சுமை தூக்கி மேடு பள்ளத்தில் நடக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். டர்னஸிலிருந்து இன்வர்னஸ் இரண்டரை, மூன்று மணி நேரம். அதையும் பட்டியலில் எழுதியாயிற்று.

பயணம் நிற்கவில்லை. மாறியது. டர்னஸ் மேட்டிலேயே நான்கு இரவு, கழிப்பறைக்குப் பக்கமாக எங்கள் டென்ட். தரையில் படுக்காமல் மடக்குக் கட்டில். மகனும் பேரப்பிள்ளைகளும் ஒரு நாள் மட்டும் சாண்ட்வுட் பே நடந்துபோய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். இருட்டுக்குப் பயந்த பேரனுக்கு அங்கே அவ்வளவாக இருட்டே வராது என்று சொல்லியாயிற்று.

இப்படிக் கிளம்பும் நண்பர்களுக்குச் சில விஷயங்கள். விசிட்டர் விசாவில் போகிறவர்கள் அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவு நம்முடையது. பயண இன்சூரன்ஸ் போடும்போது பழைய நோய்களை மறைக்காதீர்கள். மறைத்தால் பிரீமியம் குறையும், பணம் வராது. மாத்திரைகளைக் கைப்பையிலேயே, டாக்டர் சீட்டோடு வையுங்கள். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கேதான் வாங்க வேண்டும். நெய், பால்கோவா எதுவும் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. கோடையில் மிட்ஜ் என்று கொசுவைவிடச் சின்னப் பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும். காற்றடித்தால் ஓடிவிடும். காற்றில்லாத நேரத்துக்கு முகத்தை மூடும் வலை வேண்டும்.

வீட்டுக்காரி பருப்புப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருக்கிறாள். நெய் இல்லாமல் அதை எப்படித் தின்பது என்று மருமகளிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்கேயே வாங்கி வெச்சுட்டேனுங்க அத்தை" என்றாளாம். பட்டியலில் என் கட்டத்தைத் திருத்திவிட்டேன்: "ஸ்டென்ட் உண்டு. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு கிலோமீட்டர்." அதற்குக் கீழே பேரன் எழுதியிருக்கிறான்: "ஓகே தாத்தா. நான் கூட நடக்கறேன்."

மற்றதைப் போய் வந்து எழுதுகிறேன்.