உம்மாட வால்வும் ஒன்றரை டெஸ்லாவும்

எங்கட வீட்டில் ராவைக்கு லைட் எல்லாம் அணைச்ச பிறகு ஒரு சத்தம் கேட்கும். டிக், டிக், டிக். புதுசா வாறவங்க சுவரில் மணிக்கூட்டைத் தேடுவாங்க. அது உம்மாட நெஞ்சிலிருந்து வருது. 2011 இல் உம்மாவுக்கு மைட்ரல் வால்வை மாத்தி, செயற்கை வால்வு ஒன்று வைத்தார்கள். நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அந்தச் சத்தத்தோடுதான் வளர்ந்தோம்.

வால்வு பழுதானதன் காரணம் இன்னும் பழையது. சின்ன வயசில் வந்த தொண்டை நோவு. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்கிற கிருமியால் வாற தொண்டை நோவைச் சரியாகக் கவனிக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு அது வாதக் காய்ச்சலாக மாறும். மூட்டு வீக்கம் போய்விடும், இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. இருபது, முப்பது வருஷம் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரிய வரும். உம்மாவுக்கும் அப்படித்தான்.

இந்த வருஷம் ஒரு நாள் உம்மாட இடது கை திடீரென்று விறைத்துப்போனது. பேச்சும் கொஞ்சம் குழறியது. அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டாலும் டொக்டர் விடவில்லை. உலோக வால்வு உள்ளவர்களுக்கு வால்வில் இரத்தம் கட்டிபட்டு, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போகலாம் என்றார். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. சின்ன அடைப்புகளை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும் என்று துண்டு எழுதித் தந்தார்.

கலகெதரயிலிருந்து பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டை ட்ராபிக்கில் காத்துக் கிடந்து கண்டிக்குப் போனோம். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் போர்ம் நிரப்பும்போது "உடம்பில் உலோகம் இருக்கா?" என்ற கேள்வி. வால்வு என்றதும் அங்கிருந்தவர் பேனையை வைத்துவிட்டார். எந்த வால்வு என்று தெரியாமல் எடுக்க ஏலாது, விபரம் கொண்டு வாங்க என்றார். திரும்பி வந்தோம்.

ஊருக்குள் கதை பரவ நேரம் எடுக்கவில்லை. "காந்தம் வால்வப் பிச்சி எடுத்துரும்" என்றார் மாமி. ஒருவர் வாட்ஸ்அப்பில் பழைய செய்தி ஒன்றை அனுப்பினார். அந்தச் செய்தி உண்மைதான். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஒக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். காந்தம் இழுத்து, அவர் இறந்துபோனார். அதைப் பார்த்த உம்மா, "எனக்கு ஸ்கேனும் வாணாம், ஒண்டும் வாணாம்" என்று படுத்துவிட்டார். மூளையில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், பயத்தாலேயே ஒரு பரிசோதனை நின்றுபோகிற நிலை.

நாங்கள் ஆர்ட்ஸ் பெகல்ட்டி ஆட்கள். பௌதிகவியலை ஓ.எல்.லோடு விட்டவர்கள். ஆனாலும் உட்கார்ந்து வாசித்தோம்.

எம்.ஆர்.ஐ. மிஷினின் காந்தம் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். சிலிண்டர் பறந்ததற்குக் காரணம் அது இரும்பு. எல்லா உலோகத்தையும் காந்தம் இழுக்காது. 1977 இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சென்ட் ஜூட் வால்வில் திறந்து மூடுகிற இரண்டு இதழ்களும் ஒரு வகைக் கார்பன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கி, 1990 இலிருந்து பாவனையில் உள்ள சித்திரா வால்வில் தட்டு பிளாஸ்டிக், கூடு கோபால்ட் கலப்புலோகம். இந்த மாதிரி வால்வுகளில் காந்தம் காட்டுகிற இழுவை மிகச் சின்னது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வால்வின் மேல் போடுகிற விசை அதைவிடப் பெரியது. 2007 இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு 3 டெஸ்லா வரை ஸ்கேன் செய்யலாம் என்றே சொல்கிறது.

அப்படியென்றால் ஏன் திருப்பி அனுப்பினார்கள்? வாசித்த பிறகு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. உடம்புக்குள் வைக்கிற பொருட்களுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பச்சைச் சதுரம் என்றால் ஆபத்தில்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு எடுக்கலாம். குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம் என்றால் எடுக்கவே கூடாது. உலோக வால்வுகள் பொதுவாக மஞ்சள். எந்த மொடல் என்று தெரிந்தால்தான் நிபந்தனையும் தெரியும். பேஸ்மேக்கர் வேறு கதை, அதில் பற்றரியும் வயரும் இருக்கு. "நெஞ்சில ஒரு சாமான் வச்சீக்கி" என்று மட்டும் சொன்னால் இரண்டில் எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கிற பைலில் 2011 இன் டயக்னோசிஸ் கார்டோடு ஒரு சின்ன அட்டையும் இருந்தது. கம்பனி, மொடல், அளவு, சீரியல் நம்பர், திகதி. எல்லாம் ஆங்கிலத்தில். உம்மா அத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தார், அதில் என்ன எழுதியிருக்கு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அட்டையைக் கொண்டுபோனதும் வேலை லேசாக முடிந்தது. உள்ளே போக முதல் நர்ஸ் கழற்றச் சொன்னது ஷோலில் குத்தியிருந்த ஊசிகளையும் கொண்டை பின்களையும்தான். இழுபடக்கூடிய இரும்பு அதுகள்தான். வோபரின் குளிசையை நிறுத்திவிட்டுப் போகச் சொன்ன உறவினரின் பேச்சை நாங்கள் கேட்கவில்லை. இந்த ஸ்கேனுக்கு அதை நிறுத்தத் தேவையில்லை, தானாக நிறுத்தினால் வால்வில் இரத்தம் கட்டும்.

ஸ்கேனில் ஒரு சின்ன அடைப்பு தெரிந்தது. ஐ.என்.ஆர். 1.7. உம்மாட வால்வுக்கு 2.5 இலிருந்து 3.5 வரை இருக்க வேண்டும். வோபரின் அளவைக் கூட்டினார்கள். வல்லாரைச் சம்பலை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு கிழமை நிறைய, மறு கிழமை இல்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள்.

எங்களை இன்னும் உறுத்துவது அந்தப் போர்ம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது. 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. அன்றைக்கு நாங்கள் கூட இருந்ததால் வாசித்துச் சொன்னோம். தனியாகப் போயிருந்தால், விளங்காத கேள்விக்கெல்லாம் உம்மா வழக்கம்போல "நே, நே" என்று தலையாட்டியிருப்பார். வால்வு என்பதால் தப்பியிருப்பார். அதே "நே"யைப் பழைய பேஸ்மேக்கர் உள்ள ஒருவர் சொன்னால்? எம்.ஆர்.ஐ. அறையின் பாதுகாப்பு முழுக்க அந்தக் கேள்வி பதிலில்தான் இருக்கிறது. அது மற்றவருக்கு விளங்குகிற மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய அரசியல் கோரிக்கை ஒன்றும் இல்லை.

போர்ம் மாற நாளாகும். அதுவரைக்கும் உங்கட வீட்டில் யாருக்காவது வால்வு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர், எலும்பில் தகடு என்று ஏதாவது இருந்தால் அந்த அட்டையை இன்றைக்கே தேடி எடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் இருப்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். உம்மா இப்போது தன் வால்வின் பெயரையும் அளவையும் பாடமாகச் சொல்கிறார்.