கேட்காவ் சொல்லும் சாட்சி

பிழைப்பைத் தேடி மும்பைக்கோ பூனாவுக்கோ வந்து குடியிருக்கிறீர்களா? ஒரு விடுமுறை நாளில் பூனாவிலிருந்து தவுண்டு மார்க்கமாக இரயிலேறிக் கேட்காவ் சென்று வாருங்கள். மழை குறைந்த அந்த வறண்ட பூமியில்தான் பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி மிஷன் இருக்கிறது.

அம்மையார் இளமையிலே தகப்பனையும் தாயையும் தமக்கையையும் பஞ்சத்திற்குப் பறிகொடுத்தவர். பசியை அறிந்த அவர், 1896ஆம் ஆண்டு மத்திய மாகாணங்களில் பஞ்சம் உண்டானபோது அங்கே சென்று, நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் விதவைகளையும் அழைத்து வந்தார். 1900ஆம் ஆண்டில் குஜராத் பஞ்சத்தில் தப்பியோரும் சேர, அவ்வில்லத்தார் ஏறத்தாழ 2,000 பேராயினர். இத்தனை பேருக்கும் அனுதின ஆகாரத்தை ஜெபத்தில் கேட்டே பெற்றார்கள். 1905இல் அங்கே எழுப்புதல் உண்டாயிற்று. கர்த்தர் போஷித்த விதங்களை அம்மையார் 1907இல் சாட்சியாக எழுதியும் வைத்தார்.

சாமுவேல் எபெனேசர் கல்லை நாட்டியதும் இதற்காகவே அல்லவா? எழுதி வைக்காத நன்மை எளிதில் மறந்துபோம். மறந்தவனுக்கு அடுத்த நெருக்கம் பெரும் மலையாகத் தோன்றும்.

பாஷை தெரியாத பட்டணத்தில் முதல் இரவு உங்களுக்குப் படுக்க இடம் கிடைத்தது எப்படி? வேலை நின்ற மாதத்தில் அடுப்பு எரிந்தது எப்படி? ஆண்டும் நாளும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்று போஷித்தவர் நாளையும் கைவிடார்.